சின்ன வீட்டுக்குப் பழைய சாமான்: சிங்கப்பூரில் தேடத் தொடங்குவோருக்கு

"சின்ன வீடு ஒன்று ஏற்பாடு செய்கிறேன்" என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்தேன். பத்து நிமிடத்தில் காரைக்குடியிலிருந்து அத்தை அழைத்தார். "ஏனப்பா, இது உன் மனைவிக்குத் தெரியுமா?" அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆயிற்று. நான் சொன்னது அங் மோ கியோவில் நானும் மனைவியும் சேர்ந்து வாங்கிய பழைய ஈரறை வீட்டை. 44 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 470 சதுர அடி.

வெளிநாடுகளில் சக்கரம் வைத்த மரவீட்டைத் தாங்களே கட்டிக்கொள்வோரின் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி ஒன்று கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிறுத்தி வைக்க நிலம் வேண்டுமே. லாசரஸ் தீவில் 2023இல் அத்தகைய சிறு வீடுகள் ஐந்து திறந்தன. அங்கே காசு கொடுத்து ஓர் இரவு தூங்கலாம், குடியிருக்க முடியாது. நமக்குக் கிடைக்கும் சின்ன வீடு கான்கிரீட் பெட்டிதான். ஆனால் அதன் உள்ளே போகும் கதவு, பலகை, அலமாரி, மேசை, விளக்கு, கைப்பிடி, கொக்கி எல்லாவற்றையும் பழையதாகத் தேடிப்பிடிக்கலாம். எங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியும் மரச்சாமான்களில் பாதிக்கு மேல் இன்னொருவர் வீட்டிலிருந்து வந்தவை. அந்தத் தேடலில் கற்றவற்றைப் புதிதாகத் தொடங்குவோருக்காக எழுதுகிறேன்.

1. விலைக்கு முன்னால் அளவு

பழைய பொருள் தேடுவதில் முதல் கருவி அளவு நாடா. ஐந்து மீட்டர் நாடா ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வீட்டை அளப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வரும் வழியை அளந்துவிடுங்கள்.

மின்தூக்கிக் கதவின் அகலம், உயரம். மின்தூக்கியின் உள்ளே மூலைக்கு மூலை எவ்வளவு. தாழ்வாரத்தில் திரும்பும் இடம். இரும்புக் கிராதிக் கதவு திறந்த நிலையில் மிஞ்சும் இடைவெளி. வாசற்கதவு. படுக்கையறைக் கதவு, அதுவும் கதவு முழுதாகத் திறக்கும்போது அதன் தடிமன் போக மிஞ்சும் அகலம். கடைசியாக உட்கூரையின் உயரம். இந்த எண்களைக் கைப்பேசியில் ஒரே படமாக வைத்திருங்கள். விற்பவர் முன்னால் நின்றுகொண்டு வீட்டில் இருப்பவரை அழைத்து "சும்மா கையால் அளந்து சொல்" என்று கேட்பது வேலைக்கு ஆகாது.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் தரைக்கும் கூரைக்கும் இடையே சுமார் 2.6 மீட்டர் இருக்கும். 2.55 மீட்டர் உயர அலமாரி நிற்கும் என்று மனம் சொல்லும். நிற்கும்தான். ஆனால் அதைப் படுக்கை நிலையில் உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தும்போது தட்டும். நிமிர்த்துகையில் தேவைப்படுவது அலமாரியின் பக்கவாட்டு மூலைவிட்டம். உயரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 2.55 மீட்டர் உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரிக்கு அது 2.62 மீட்டர்; நிமிராது. 2.4 மீட்டர் அலமாரிக்கு 2.47, நிமிரும். பள்ளியில் பித்தகோரசைப் படித்தபோது இவரால் என்ன பயன் என்று கேட்டவன் நான்.

கேட்டதற்கான தண்டனையும் கிடைத்தது. ஒரு நீளமான தேக்குப் பலகைப் பெட்டி, 60 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). வாசற்கதவை அளந்திருந்தேன், மின்தூக்கியை அளக்கவில்லை. நானும் மைத்துனரும் ஒன்பது மாடி தூக்கி ஏறினோம். ஏழாவது மாடியில் ஒரு பாட்டி நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார். மைத்துனர் இன்றும் அந்தப் பெட்டியில் உட்கார மறுக்கிறார்.

வீட்டின் உள்ளே, தரையில் ஒட்டும் காகித நாடாவால் ஒவ்வொரு சாமானின் வடிவத்தையும் ஒட்டி இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். சின்ன வீட்டில் பத்து செ.மீ. தவறினால் அன்றாடம் முழங்கால் இடிக்கும்.

2. பழையதாக வாங்கக் கூடாதவை

சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர்ச் சூடேற்றி, எரிவாயுக் குழாய், மின்கம்பி, சுவர் மின்செருகி, சுவிட்ச் இவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரோ குழாய்ப் பணியாளரோ பொருத்தவேண்டிய பொருள்கள் இவை. பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பொறுப்பான பணியாளர் கையில் வாங்கவே மாட்டார். வாங்குபவர் இருந்தால் அவரை நினைத்துத்தான் பயப்படவேண்டும்.

எரிவாயு அடுப்பில் இன்னொரு சிக்கல். நம் ஊரில் சில வீடுகளுக்குக் குழாய் வழியே நகர எரிவாயு வருகிறது, சில வீடுகள் சிலிண்டர் வைத்திருக்கின்றன. இரண்டுக்கும் அடுப்பின் எரிமுனைத் துளை வேறு. சிலிண்டர் வீட்டிலிருந்து வாங்கிய அடுப்பைக் குழாய் எரிவாயுவில் அப்படியே பொருத்த முடியாது. உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர் மாற்றித் தரவேண்டும், எல்லா அடுப்புக்கும் அது முடியவும் முடியாது. 30 வெள்ளி அடுப்பு சட்டென்று விலை கூடிவிடும்.

சன்னல்களைத் தொடாதீர்கள். உயரத்திலிருந்து சன்னல் கழன்று விழுந்த சம்பவங்களால்தான் வெளிப்புறம் திறக்கும் சன்னல்களின் அலுமினிய ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றவேண்டும் என்ற உத்தரவு 2004இல் வந்தது. அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரே அந்த வேலையைச் செய்யலாம்.

வாசற்கதவும் யோசித்து வாங்கவேண்டியது. சில வீடுகளுக்கு, குறிப்பாக மாடிப்படிக்கோ மின்தூக்கிக்கோ அருகில் இருப்பவற்றுக்கு, அரை மணி நேரம் தீயைத் தாங்கும் சான்றளித்த கதவுதான் வேண்டும். கடை வீட்டிலிருந்து வந்த செதுக்குக் கதவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே செல்லாது. அதை மேசையாக்கலாம், நான் ஒன்றை அப்படித்தான் செய்தேன்.

கழிப்பறைத் தொட்டி பழையதாக மலிவாகக் கிடைக்கும். சுவருக்கும் கழிவுநீர்த் துளைக்கும் உள்ள தூரம் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் அதுவும் பெரும்பாலும் பொருந்தாது. மெத்தை பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

மற்றபடி மரம், உலோகம், கண்ணாடி, கல், பீங்கான் எல்லாம் பழையதாக வாங்கத் தக்கவை. குறிப்பாக மரம். இன்று புதிதாக விற்கும் பல சாமான்கள் மரத்தூளை ஒட்டிச் செய்தவை. முப்பது ஆண்டு பழைய மேசையில் அதே விலைக்கு முழு மரம் கிடைக்கும்.

3. எங்கே தேடுவது

சுங்கை ரோட்டை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு: அந்தத் திருட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே நடந்துபோய்த் தரையில் விரித்த துணியிலிருந்து பித்தளைக் கைப்பிடி பொறுக்கிய காலம் போயிற்று. இப்போது அந்தச் சந்தை நம் கைப்பேசிக்குள் இருக்கிறது.

கரோசெல் செயலியும் ஃபேஸ்புக் சந்தையும்தான் பெரிய கடல். அங்கே மீன் பிடிக்கச் சில சொற்கள் தெரியவேண்டும். 'மூவிங் அவுட்' என்று தேடினால் வீட்டைக் காலி செய்பவர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பணத்தைவிடத் தேதி முக்கியம். 'செல்ஃப் கலெக்ட்' என்றால் நீங்களே போய் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பொருள். சும்மா கொடுப்பதை இங்கே 'பிளெஸ்ஸிங்' என்பார்கள்; அந்தச் சொல்லைத் தேடினால் விலையில்லாப் பொருள்கள் வரிசையாக வரும். ஓலியோ செயலியும் இலவசப் பொருள்களுக்கு நல்லது. 'தேக்கு' என்று தேடினால் விலை தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள். 'பழைய பழுப்பு அலமாரி' என்று தேடுங்கள். தன்னிடம் இருப்பது தேக்கு என்றே தெரியாமல் விற்பவர் அகப்படுவார்.

விற்பவருக்கு விவரமாக எழுதுங்கள். "இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் பத்தில் ஒருவராகிவிடுவீர்கள். "சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேனோடு வருகிறேன், நீளம் அகலம் உயரம் சொல்ல முடியுமா, பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஒரு படம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பின்பக்கப் படம் கொடுக்கத் தயங்குபவரிடம் போகவேண்டாம்.

கடைகளில் நான் முதலில் அனுப்புவது கம்போங் அம்பாட்டில் இருக்கும் ஹாக் சியோங்குக்கு. வீடுவீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்கும் காராங்குனி தொழிலிலிருந்து வளர்ந்த குடும்பக் கடை அது. ஹோட்டல்கள் தங்கள் அறைகளைப் புதுப்பிக்கும்போது கழிக்கும் சாமான்கள் அங்கே வருகின்றன. சின்ன வீட்டுக்காரர்களுக்கு ஹோட்டல் சாமான் வரப்பிரசாதம். ஹோட்டல் அறையும் சின்னதுதான் என்பதால் அங்கிருந்து வரும் மேசை ஒடுக்கமாகவும் உறுதியாகவும் இருக்கும். ஒரே மாதிரி நான்கைந்து கிடைக்கும். பழைய கடைகளில் ஒரே மாதிரி இரண்டு நாற்காலி கிடைப்பது அபூர்வம்.

சால்வேஷன் ஆர்மியின் சிக்கனக் கடைகளில் சாமான் அடிக்கடி மாறும், அதனால் ஒருமுறை போய் ஏமாந்தவர்கள் மறுமுறை போகவேண்டும். வாட்டர்லூ தெருவில் சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றம் நடத்தும் நியூ டூ யூ கடை பெரிய சாமானுக்கு அல்ல. திரைச்சீலை, தட்டுமுட்டு, சட்டம் போன்றவற்றுக்கு. ஐக்கியா கடைகளில் திரும்பி வந்த, காட்சிக்கு வைத்த பொருள்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே ஒற்றை அலமாரிக் கதவு, ஒற்றைப் பலகை போன்றவையும் கிடைக்கும். ஒரு கதவை வாங்கி மேசைப் பலகையாக்குவது பழைய தந்திரம்.

விளக்குக்கும் குளியலறைச் சாமானுக்கும் பாலஸ்டியர் சாலை. கடைகளில் காட்சிக்கு மாட்டிய விளக்கை மாற்றும் நேரத்தில் கேட்டால் குறைத்துத் தருவார்கள். வார நாள் பிற்பகலில் போங்கள். கூட்டம் இருக்கும்போது கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்காது.

மரப்பலகைக்குச் சுங்கை காடுட். மரப் பட்டறைகளும் தளவாடப் பட்டறைகளும் நிறைந்த வட்டாரம். முழு பிளைவுட் தாள் எட்டடிக்கு நாலடி. நமக்கு அது வேண்டாம். வெட்டியபின் மிஞ்சிய துண்டுகள்தான் வேண்டும். 44 சதுர மீட்டர் வீட்டில் ஓர் அடுக்குக்குத் தேவை ஓரடி அகலப் பலகைதானே? சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் இதையே கேளுங்கள். இரண்டடி நீளக் குவார்ட்ஸ் துண்டு அவர்களுக்குக் குப்பை, சின்னச் சமையலறைக்கு அது முழு மேடை. மேடையில் தொட்டிக்கு வெட்டிய துளையிலிருந்து வெளியே வரும் சதுரத் துண்டு எங்கள் வீட்டில் சப்பாத்திப் பலகையாக இருக்கிறது.

கண்காட்சிக் கூடங்கள் இன்னொரு சுரங்கம். சிங்கப்பூர் எக்ஸ்போவிலும் மரினா பே சாண்ட்சிலும் மூன்று நாள் நிற்கும் அரங்குக்காக அடித்த பிளைவுட் நான்காம் நாள் உடைக்கப்படும். உள்ளே நுழைந்து பொறுக்க முடியாது. அரங்கு அமைக்கும் குத்தகையாளரை முன்கூட்டியே பிடித்துக் கேட்கவேண்டும். எனக்கு ஒருமுறைதான் வாய்த்தது; வெள்ளை வண்ணம் பூசிய 12 பலகை, ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்து வீட்டில் புதுப்பிப்பு நடக்கிறதா? அங்கே வேலை செய்யும் அண்ணன்மாரிடம் பேசுங்கள். பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். தேநீர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் எந்த வீட்டில் எத்தனைப் பெட்டி டைல்ஸ் மிஞ்சியது என்று தெரிந்துவிடும். எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரின் சம்மதம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த அண்ணனுக்குத்தான் வம்பு.

புளோக்கின் கீழே குப்பைக் கூடத்தருகில் கிடக்கும் பெரிய சாமான்களும் கண்ணில் படும். அது நகர மன்றத் துப்புரவாளர்கள் எடுத்துச் செல்லக் காத்திருப்பது. சிலவேளை யாரோ வீடு மாறும்போது ஐந்து நிமிடம் இறக்கி வைத்ததாகவும் இருக்கும். துப்புரவாளரிடமோ வைத்தவரிடமோ கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும். எங்கள் புளோக்கில் வேலை செய்யும் தம்பி ஒருவர் நல்ல நாற்காலி வந்தால் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்.

4. எப்போது தேடுவது

சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள்தான் உச்சம். வீட்டைச் சுத்தம் செய்து புதியதை வைக்கும் வழக்கத்தால் நல்ல சாமான்களே வெளியே வரும். நம் போகிக்கும் அதற்கும் அதிக நாள் இடைவெளி இருக்காது; நாம் கழிக்கவேண்டிய நேரத்தில் பிறர் கழிப்பதை வீட்டுக்குள் இழுத்து வருகிறேன் என்று என் மனைவி முனகுவார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஜூன், டிசம்பர் மாதங்களில் வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊர் திரும்பும். கட்டில், உணவு மேசை, செடித் தொட்டி எல்லாம் ஒரே வீட்டில் கிடைக்கும். சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் வீடு மாறவும் புதுப்பிக்கவும் பலர் தயங்குவதால் அப்போது குத்தகையாளரும் வேன்காரரும் எளிதாகக் கிடைப்பார்கள். நமக்கு அந்தத் தயக்கம் இல்லையே.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மொத்தமாக விற்ற, அதாவது கூட்டு விற்பனையான, தனியார் அடுக்குமாடிகளும், வீவகவின் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காகக் காலியாகும் புளோக்குகளும் தனி வாய்ப்பு. டாங்ளின் ஹால்ட் போன்ற பேட்டைகளில் நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்கள் புது வீட்டுக்குப் போகும்போது, பழைய மரக்கட்டிலும் கண்ணாடி பதித்த அலமாரியும் உடன் போகவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். காலியான கட்டடத்துக்குள் நுழையாதீர்கள்.

5. தட்டு, முகர், தூக்கு

பொருளின் முன்னால் நிற்கும்போது அவசரப்பட்டால் பணம் போயிற்று. ஒரு சிறு பை வைத்திருக்கிறேன்: டார்ச் விளக்கு, காந்தம், திருப்புளி, பழைய ஏடிஎம் அட்டை.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மரவரி ஓரத்தில் திரும்பி இறங்கினால் முழு மரம். ஓரத்தில் மெல்லிய அடுக்குகள் தெரிந்தால் பிளைவுட், அதுவும் நல்லதே. ரவை உருண்டை போல் துகள் தெரிந்தால் மரத்தூள் பலகை. அந்தப் பலகை நம் ஊர் ஈரப்பதத்தில் ஒருமுறை தண்ணீர் குடித்தால் அப்பளம் போல் உப்பிவிடும், திரும்பி ஒடுங்காது. கால்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வீடு கழுவிய தண்ணீர் அங்கேதான் ஏறியிருக்கும். கீல் மாட்டிய இடத்தில் திருகாணித் துளை பெரிதாகியிருந்தால் அந்தக் கதவு ஏற்கெனவே ஒருமுறை பிய்ந்து வந்தது.

கறையான் இருந்தால் தட்டும்போது பொத்தென்று ஒலிக்கும். துளைக்குக் கீழே மாவு போன்ற தூள் கொட்டியிருந்தால் துளைவண்டு. மூட்டைப்பூச்சிக்குத் தையல், மூட்டு, இழுப்பறையின் அடி எல்லாவற்றிலும் டார்ச் அடித்து, ஏடிஎம் அட்டையால் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். மைப்புள்ளி போன்ற கறைகள் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அது எவ்வளவு அழகான சோபாவாக இருந்தாலும் சரி. மூட்டைப்பூச்சியை விரட்டும் செலவில் புது சோபாவே வாங்கலாம்.

காந்தம் பித்தளைக்கு. கைப்பிடியிலும் கொக்கியிலும் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டுமே.

தொழிற்பேட்டைகளில் கிடைக்கும் சரக்கு மேடைப் பலகைகளை, அதாவது பேலட்டுகளை, எல்லோரும் எடுக்கிறார்கள். எடுக்குமுன் பக்கவாட்டில் குத்திய முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் போன்ற சின்னம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பிறகு பூச்சிகளைக் கொல்லச் செய்த முறை. ஆங்கில எழுத்தில் ஹெச்டி (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, வீட்டுக்குச் சரி. எம்பி (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சு வாயுவால் செய்தது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை உள்ளதும் வேண்டாம். இன்னொன்று: பேலட் பலருக்குச் சொந்தச் சொத்து, வாடகைக்கு விடப்படுவது. கிடங்குக் காவலரிடம் கேளுங்கள்.

டைல்ஸுக்கு எண்ணிக்கைதான் எல்லாம். நான்கு சதுர மீட்டர் தரைக்கு 30 செ.மீ. சதுர டைல்ஸ் 45 வேண்டும். உடைவதற்கும் வெட்டுவதற்கும் பத்து விழுக்காடு சேர்த்து 50 வாங்குங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட வண்ணத்தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெவ்வேறு தொகுதி என்றால் கடையில் ஒன்றாகத் தெரியும், தரையில் பதித்தபின் வேறாகத் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் தரைக்கு எடுக்காமல் சமையலறைச் சுவரில் ஒரு பட்டையாக ஒட்டலாம். கடைவீடுகளின் பழைய, பூவேலைப்பாடு கொண்ட பெரனாக்கான் டைல்ஸ் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை விடுங்கள். அவை இப்போது சேகரிப்போரின் விலை.

மின்சாதனத்தில் வாட்டுக்கு முன்னால் வோல்ட்டைப் படியுங்கள். இங்கே 230 வோல்ட். ஊர் திரும்பும் அமெரிக்க, ஜப்பானியக் குடும்பங்கள் விற்கும் சில சாதனங்கள் 120, 100 வோல்ட்டுக்கானவை. மூன்று முனைச் செருகியும் பாதுகாப்பு முத்திரையும் உள்ளதா என்று பார்த்து, ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியை நீங்கள் வருவதற்கு முன்பே போட்டு வைக்கச் சொன்னால்தான் குளிர்கிறதா என்று தெரியும்.

6. பணம்

முன்பணம் அனுப்பாதீர்கள். "இன்னொருவர் கேட்கிறார், ஐம்பது வெள்ளி பேநவ் செய்தால் எடுத்து வைக்கிறேன்" என்று அவசரப்படுத்துபவரிடம் அந்தப் பொருள் இருக்கிறதா என்பதே சந்தேகம். நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மோசடியோ என்று தோன்றினால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம். பேரம் பேசலாம், ஆனால் வாசலில் நின்றுகொண்டு மறுபடி குறைப்பது அநாகரிகம். எழுத்தில் ஒப்புக்கொண்ட விலையை, படத்தில் இல்லாத பழுது தெரிந்தால் மட்டுமே மாற்றிப் பேசுவேன்.

7. தூக்கிவருவது

பழைய பொருளின் உண்மை விலை, அதற்குக் கொடுத்த காசோடு அதைத் தூக்கிவர ஆன காசும் சேர்ந்தது. இலவச அலமாரிக்கு வேன் கூலி 60 வெள்ளி என்றால் அது 60 வெள்ளி அலமாரி. ஆகவே ஒரே திசையில் இருக்கும் இரண்டு மூன்று பொருள்களை ஒரே நாளில் சேர்த்து எடுங்கள். லாலாமூவ் போன்ற செயலிகளில் வேன் கூப்பிடலாம். ஓட்டுநர் தூக்க உதவுவாரா என்பதை முன்பே குறிப்பிட்டுக் கூலியும் பேசிக்கொள்ளுங்கள்.

தனியார் அடுக்குமாடியிலிருந்து எடுப்பதாக இருந்தால் விற்பவர் தம் நிர்வாக அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். பல இடங்களில் சாமான் இறக்க நேரக் கட்டுப்பாடு உண்டு. காவலர் வாசலிலேயே வேனைத் திருப்பி அனுப்புவார். கால்களைக் கழற்ற முடிந்தால் அங்கேயே கழற்றி, திருகாணிகளைச் சிறு பையில் போட்டு அந்தச் சாமானிலேயே ஒட்டிவிடுங்கள். தனியாகச் சட்டைப்பையில் போட்ட திருகாணி மறுபடி கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தாழ்வாரத்தில் குவிக்காதீர்கள். ஆள் தப்பிச் செல்லும் வழி 1.2 மீட்டர் அகலத்துக்கு எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அண்டை வீட்டாரின் பொறுமை அதைவிடக் குறுகலானது.

8. உள்ளே விடுமுன்

எல்லாவற்றையும் ஒருமுறை துடைத்து, இழுப்பறைகளை வெளியே எடுத்து, முடிந்தால் வெயில் படும் சன்னலோரத்தில் இரண்டு நாள் வையுங்கள். பூஞ்சை வாடைக்கு வெயிலைவிட நல்ல மருந்தை நான் பார்க்கவில்லை.

பழைய வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். எப்போது பூசியது என்று தெரியாத வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். குழந்தை இருக்கும் வீட்டில் அதைத் தேய்க்காமல் மேலே புதிதாகப் பூசி மூடுவதே நல்லது. 1991க்கு முன் கட்டிய கட்டடங்களிலிருந்து வந்த நெளிவுத் தகடு, சிமென்ட் பலகை போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், வீட்டுக்கே வேண்டாம்.

ஆடும் நாற்காலியையும் ஓடாத விசிறியையும் தூக்கி எறியுமுன் ரிப்பேர் கோப்பித்தியாமுக்குக் கொண்டுபோங்கள். தொண்டூழியர்கள் நம்மை உட்காரவைத்துப் பழுது பார்க்கக் கற்றுத்தருவார்கள். என் மேசை விளக்குக்கு அங்கே தேவைப்பட்டது ஒரு சிறு உருகி (ஃபியூஸ்) மட்டும்.

9. வீவக விதிகள்

கழற்றி வைக்கும் சாமானுக்கு யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள். தரையையோ சுவரையோ தொட்டால் கேட்பார்கள். சுவர் இடிப்பு, டைல்ஸ் மாற்றம் போன்றவற்றை வீவகப் பட்டியலில் உள்ள குத்தகையாளர் அனுமதி வாங்கிச் செய்யவேண்டும். அவரிடம் "டைல்ஸ் நான் தருவேன், வேலை மட்டும் நீங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிலர் ஒப்புவார்கள், சிலர் உத்தரவாதம் தரமாட்டேன் என்பார்கள். பழைய தரையின் மேலேயே புதியதைப் பதிப்பதானால் சாந்தும் சேர்த்து மொத்தக் கனம் 50 மி.மீ.யைத் தாண்டக்கூடாது; கனமான பழைய கல்லை வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். புது வீடானால் முதல் மூன்று ஆண்டுக்குக் குளியலறைச் சுவர், தரை ஓடுகளை மாற்ற முடியாது. அவசரகாலத்தில் ஒதுங்குவதற்காக வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையின் சுவரும் கதவும் அப்படியே இருக்கட்டும்.

பொதுவான வேலைகள் திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. இடிப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாள்களில் மட்டும், 9 முதல் 5 வரை. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. நீங்களே அடுக்கு மாட்டத் துளைபோடுவதையும் இந்த நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் கீழ்வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

எவ்வளவு அளந்தாலும் ஒன்றிரண்டு பொருந்தாமல் போகும். முதலில் 'பிளெஸ்ஸிங்' என்று போட்டுவிடுங்கள், ஒரு வாரம் யாரும் வராவிட்டால் நகர மன்றத்தை அழையுங்கள். பல நகர மன்றங்கள் மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பெரிய சாமான்களை இலவசமாக எடுத்துச் செல்லும். புதிய குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்கினால் பழையதைப் பெரிய கடைகள் இலவசமாகத் திரும்ப எடுக்கவேண்டும் என்ற ஏற்பாடு 2021 ஜூலை முதல் இருக்கிறது.

போன வாரம் அந்த ஒன்பது மாடிப் பெட்டியைத்தான் இப்படிப் போட்டேன். ஈசூனிலிருந்து ஒரு பெண் எழுதினார்: "மூன்று அளவும் சொல்லுங்கள். உங்கள் மின்தூக்கிக்குள் போகுமா?" அவருக்கே கொடுப்பதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை வருகிறார். மைத்துனரையும் வரச்சொல்லியிருக்கிறேன், காரணத்தை இன்னும் சொல்லவில்லை.